கூத்துக்குப் பாய் எடுத்துப் போகிறவர்களுக்கு

முதன்முறை தெருக்கூத்து பார்க்க ஊர்ப்பக்கம் போகிறவர்களில் பாதிப்பேர் 12 மணிக்குள் எழுந்து வந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான். "ஒம்போதுக்கு ஆரம்பம்னாங்க, பத்தரை வரைக்கும் மேளம்தான் அடிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் வந்து ஒரே விஷயத்தையே மூணு தடவை சொல்லிட்டுப் போனார்." இதில் பொய் எதுவும் இல்லை. மூன்று தடவைதான் சொல்கிறார்கள். ஏன் மூன்று தடவை என்பது பிடிபட்டுவிட்டால் பாதிக் கூத்து பிடிபட்ட மாதிரி.

பாட்டும் வேண்டும், படிப்பதும் வேண்டும், நாடகமும் வேண்டும், அசுரனும் தேவனும் வருகிற மாயக்கதையும் வேண்டும் என்கிறவர்களுக்கு நான்கும் ஒரே இடத்தில், அதுவும் டிக்கெட் இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் சினிமாவுக்குப் போவதுபோல வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால் நான்கில் ஒன்றுகூடச் சிக்காது. கொஞ்சம் ஆயத்தம் வேண்டும்.

பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள்தான் கூத்தின் மண். இன்றைய கணக்கில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, வேலூர், விழுப்புரம், கடலூர். சேலம், தருமபுரிப் பக்கமும் உண்டு, பாணி வேறு. பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், அன்று படித்த கதை இரவில் கூத்தாக ஏறும். பத்து நாளும் நடக்கும், பதினெட்டு நாளும் நடக்கும், ஊரின் கைவசத்தைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் பெயரும் மாறும். 'தெரு' என்ற சொல் தங்கள் கலையைக் கீழே வைப்பதாக நினைக்கும் கலைஞர்கள் கட்டைக்கூத்து என்பார்கள். காஞ்சிபுரத்தில் 1990-இல் அமைந்த சங்கத்தின் பெயரே கட்டைக்கூத்துச் சங்கம்தான். மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்பில் கட்டும் பதக்கம் இவற்றுக்குத்தான் கட்டை என்று பெயர். செய்யாற்றுக்குப் பக்கத்துப் புரிசைக்காரர்களோ தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். யாரிடம் பேசுகிறீர்களோ அவர்கள் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையே நீங்களும் சொல்லுங்கள். வம்பு வேண்டாம்.

முதலில் எந்த இரவுக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். திருவிழா நோட்டீஸில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கூத்தின் பெயர் அச்சாகியிருக்கும். வில் வளைப்பு, பகாசூரன் வதம், ராஜசூய யாகம், துகில் (திரௌபதியின் சேலையை உரிகிற கதை), அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். குழந்தைகளோடு போகிறவர்கள் பகாசூரனுக்குப் போகலாம். பல ஊர்களில் பகலிலேயே வீமன் வண்டிகட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சோறு வாங்கிக்கொண்டு வருவான், பிள்ளைகளுக்குக் கதை அங்கேயே ஆரம்பித்துவிடும். பாட்டுக்காகப் போகிறவர்களுக்குக் கர்ண மோட்சம். இந்தக் கூத்துக்குத் திருவிழாவும் வேண்டியதில்லை. சாவு வீட்டுக் கருமாதிக்கு முந்தின இரவு வைக்கிற கூத்தும் இதுதான். துகில் இரவை முதல் கூத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் பிறகு.

தேர்ந்த பிறகு படிக்க வேண்டியது கொஞ்சம்தான். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் 10 பருவங்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். முழுவதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கர்ண மோட்சம் என்றால் கன்ன பருவத்துப் பதினேழாம் போர்ச் சருக்கம் போதும். துகில் என்றால் சபா பருவத்துச் சூதுபோர்ச் சருக்கம். உரையோடு ஒரு தடவை, பிறகு உரையை மூடிவிட்டு வாய்விட்டு ஒரு தடவை. கண்ணால் மட்டும் படித்தால் பயனில்லை. கூத்தில் விருத்தம் இழுத்து இழுத்து வரும்போது, சொல்லை எங்கே பிரிப்பது என்பது உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் காதும் பிரித்துக் கேட்கும்.

படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. வில்லியில் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து கர்ணனிடம் புண்ணியத்தையெல்லாம் தானம் கேட்கிறான். இதுவே வியாசர் பாரதத்தில் இல்லை. கூத்து இன்னும் ஒரு படி மேலே போகும். கர்ணனின் மனைவி பொன்னுருவி என்று ஒருத்தி வருவாள். அவளும் வியாசரில் கிடையாது. போருக்குப் புறப்படுகிற கர்ணனுக்கும் அவளுக்கும் நடக்கிற தர்க்கம் முக்கால் மணி நேரமாவது போகும். புருஷனின் பிறப்பு என்னவென்று தெரியாத கோபம் ஒரு பக்கம், நாளைக்கு இவன் திரும்ப மாட்டான் என்ற பயம் ஒரு பக்கம். "புஸ்தகத்தில் இது இல்லையே" என்று முகத்தைச் சுளித்தால் அந்த இரவின் நெஞ்சாங்குலையையே தவறவிடுவீர்கள். அங்கே கூடியிருக்கும் பெண்களில் பலர் வந்திருப்பதே அந்தத் தர்க்கத்துக்காகத்தான்.

எடுத்துப்போக வேண்டியவை: பாய், தலைக்குச் சுற்ற ஒரு துண்டு, போர்த்த ஒரு போர்வை, தண்ணீர். சித்திரையானாலும் விடிகாலையில் பனி இறங்கும். நாற்காலி வேண்டாம், பின்னால் உட்கார்ந்திருக்கிற கிழவி உங்களைச் சும்மா விட மாட்டாள். காலையில் ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் முந்தின மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆட்டக்களத்தின் ஒரு பக்கம் வாத்தியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் இருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் வேஷம் கட்டும் இடம். மற்ற மூன்று பக்கமும் ஜனம். நேர் எதிரே, முன்வரிசையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்போம். அங்கே ஆட்டத்தின் புழுதியெல்லாம் உங்கள் மேல்தான். தவிர, கிறிக்கி அடிக்கும்போது ஆட்டக்காரரின் காலும் தெரியாது, கழுத்தை நிமிர்த்திக் கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கிறிக்கி என்பது களத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டே போகிற வேகமான ஆட்டம், பார்க்க வேண்டியது கால்களை. பக்கவாட்டில், வாத்தியக்காரர்களுக்கு ஏழெட்டு அடி தள்ளி, மத்தளக்காரரின் கை தெரிகிற மாதிரி உட்காருங்கள். கால் ஒரு கண்ணில், கை ஒரு கண்ணில். எந்த அடவை மத்தளம் பேசுகிறது, எந்தச் சொல்லைக் கால் திருப்பிச் சொல்கிறது என்பது அங்கிருந்துதான் புரியும். கம்பத்தில் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கருக்கு நேர்கீழே மட்டும் கூடவே கூடாது. காலையில் காது அடைத்துக்கொள்ளும்.

வேஷம் கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் 8 மணிக்கே போய், வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக நிற்கலாம். அரிதாரம், முத்துவெள்ளை, மை, தேங்காய் எண்ணெய். ராஜா வேஷத்துக்கு இடுப்பைச் சுற்றிப் பழந்துணியை அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டி அதன்மேல் பாவாடையை விரிப்பார்கள். இந்தக் கட்டு தளர்வாக இருந்தால் 2 மணிக்கு மேல் கிறிக்கியில் பாவாடை ஒரு பக்கமாகச் சரியும். புஜக்கட்டையின் கயிறு அதிகமாக இறுகினால் கை மரத்துப்போகும். அதனால் கட்டி முடித்ததும் ஆட்டக்காரர் கையைத் தூக்கி இரண்டு தடவை சுழற்றிப் பார்ப்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். செல்லை நீட்டிப் படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

9.30 அல்லது 10 மணிக்குக் களரி கட்டுவார்கள், அதாவது மேளம் வாசித்துக் களத்தைத் தொடங்கிவைப்பார்கள். மத்தளமும் டோலக்கும் தாளமும் முகவீணையும் சேர்ந்து வாசிக்கிற அந்த மேளத்தைத்தான் புதியவர்கள் 'வெட்டியாக அடிக்கிறார்கள்' என்கிறார்கள். ஊரைக் கூட்டுவது அதன் ஒரு வேலை, வாத்தியம் தன்னைச் சரிசெய்துகொள்வது இன்னொரு வேலை. முகவீணை ஒரு முழத்துக்கும் குறைந்த, நாகஸ்வரத்துக்குத் தம்பி மாதிரியான கருவி. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி ஈரமாகிப் பதம் வருவதற்கு நேரம் பிடிக்கும். நாலைந்து சீவாளி மாற்றிப் பார்த்த பிறகுதான் ஆர்மோனியத்தோடு சேரும். ஆர்மோனியச் சுருதி அசையாது. தோல் அசையும். பின்னிரவில் காற்று ஈரமாக ஆக மத்தளத்தின் தோல் நெகிழ்ந்து சுருதி இறங்கும். விளிம்பைத் தட்டி ஏற்றுவார்கள், டோலக்குக்கு முடுக்குவார்கள். 3 மணிக்கு ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவில் 'டொக் டொக்' என்று கேட்கிற சத்தம் அதுதான். அதைச் செய்யாமல் விட்ட ஜமாவில் (கூத்துக் குழுவில்) விடியற்காலைப் பாட்டு முழுக்க வாயொரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கமாகப் போகும்.

பிள்ளையார் பாட்டு, பிறகு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன். அவன் வந்து யாரைக் கிண்டல் செய்வான் என்பதற்குக் கணக்கே இல்லை. பஞ்சாயத்துத் தலைவர், ரேஷன் கடை, முன்வரிசையில் தூங்குகிறவர். அவன் விதூஷகன் மட்டும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

11 மணி சுமாருக்குத் திரை வரும். கூத்தில் எனக்கு மிகப் பெரிய அதிசயம் இந்தத் திரைதான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வருகிற ஒரு துணி, அவ்வளவுதான். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். நடுவில் இருக்கிற ஆள் தெரியாது. உள்ளேயிருந்து விருத்தம் கிளம்பும். தாளம் கிடையாது, முகவீணை மட்டும் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். நாடு, குலம், வீரம் எல்லாம் விருத்தத்தில் சொல்லியாகிவிடும். முடித்ததும் மத்தளம் விழும், கால் துணிக்குக் கீழே அசையும், தரு, அதாவது தாளத்தோடு ஆடிப் பாடுகிற பாட்டு, ஆரம்பம். இப்போது துணி ஒரு பக்கம் சரிந்து கிரீடமும் ஒரு கண்ணும் தெரியும், உடனே மூடிக்கொள்ளும். மறுபக்கம் ஒரு புஜம். பிறகு முதுகு, ஆள் திரும்பி நின்று ஆடுவார். திரையைக் கையால் தட்டுவார், காலால் உதைப்பார், பிடித்திருப்பவர்கள் பின்வாங்குவார்கள். இந்த இழுபறி 10 நிமிஷம், 15 நிமிஷம். கடைசியில் துணியைச் சடக்கென்று இழுத்துவிட, விளக்கு வெளிச்சம் கண்ணாடித் துண்டுகளில் மொத்தமாக விழும். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் நிமிரும். சற்றுமுன் பீடி குடித்துக்கொண்டு நின்றிருந்தவரை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனாலும் வந்து நிற்பது துரியோதனன்தான்.

வந்த துரியோதனன் களத்தைச் சுற்றி ஆடி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "அகோ வாரும் பிள்ளாய் கட்டியக்காரா" என்று வசனத்தில் ஆரம்பிப்பான். கட்டியங்காரன் ஒன்றும் தெரியாதவன்போல "நீங்க யாருங்க?" என்று கேட்பான். மறுபடியும் நாடு, குலம், வீரம். மூன்றாவது தடவை! விருத்தம் குரலுக்கு, தரு காலுக்கு, வசனம் சேதிக்கு. செய்யுளில் தவறவிட்டதைப் பாட்டில் பிடிக்கலாம். பாட்டில் தவறவிட்டதைக் கட்டியங்காரன் நமக்காகக் கேட்டு வாங்கித் தருவான். ராஜபாஷையை ஊர்ப்பேச்சில் உடைத்துப் போடுகிற உரையாசிரியன் அவன். முதல் தடவையே கதை புரிந்தாக வேண்டும் என்று பதறாமல், விருத்தத்தில் குரலை மட்டும் கேளுங்கள், தருவில் காலைப் பாருங்கள், வசனத்தில் கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சலிப்பு போய்விடும்.

தருவின் ஒவ்வொரு வரியையும் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவதற்கும் காரணம் உண்டு. ஆட்டக்காரர் ஒரு வரி பாடுவார், பின்பாட்டு அதை எடுத்ததும் ஆட்டத்தில் இறங்குவார். கிறிக்கி அடித்துக்கொண்டே உச்சஸ்தாயியில் பாட எந்த நெஞ்சாலும் முடியாது. ஆட்டம் முடியும்போது அடுத்த வரிக்கு மூச்சு திரும்பியிருக்கும். மூன்று பக்கத்து ஜனத்துக்கும் முகம் காட்டவும் இந்தத் திருப்பல்தான் இடம் கொடுக்கிறது. பின்பாட்டு பலவீனமான ஜமாவில் ஆட்டக்காரரே இரண்டு வேலையும் பார்ப்பார், 1 மணிக்கெல்லாம் தொண்டை கட்டிவிடும். ஜமா நல்ல ஜமாவா என்று தெரிய ராஜா வேஷத்தைப் பார்க்காதீர்கள், பின்பாட்டைக் கேளுங்கள்.

கெடுவது எங்கே என்றால் பெரும்பாலும் மைக்கில். களத்தின் நடுவில் தொங்கும் ஒன்றிரண்டு மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் போய்விடும் என்பதால், வட்டம் போட வேண்டிய ஆட்டம் மைக்குக்குக் கீழே நாலடிக்குள் சுருங்குகிறது. திரைக்குப் பின்னால் பாடும் விருத்தம் மைக்குக்கு எட்டாது, முதல் இரண்டு வரி காற்றோடு போகும். காதருகில் மைக் மாட்டினால் கிரீடக் கயிறு உரசி 'கரகர' என்கிறது. விளக்கும் அப்படித்தான். தீவட்டி போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, அதுவும் போய் வெள்ளை எல்இடி. திரைக்குப் பின்னால் ஒரு பல்பு எரிந்தால் துணிக்குள் நிற்கிறவரின் நிழல் முழுசாகத் தெரிந்துவிடும், மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. விழாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு பல்பை மட்டும் அணைத்துவிடுங்கள். அன்பளிப்பு அறிவிப்பு இன்னொரு தொல்லை. உயிர் போகிற கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்தி 'இன்னார் 100 ரூபாய்' என்பார்கள். எரிச்சல் வரும்தான். ஆனால் ஜமாவில் பத்துப் பன்னிரண்டு பேர், பேசிய தொகை பிரிந்து கைக்கு வரும்போது ஒன்றுமே நிற்பதில்லை. நீங்கள் கொடுப்பதானால் பாட்டு முடிகிற இடத்தில் கொடுங்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

தூங்கலாமா? தாராளமாக. விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருப்பவர் அந்த ஊரிலேயே நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். 12.30-லிருந்து 2 மணி வரை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களும் கட்டியங்காரன் சிரிப்பும்தான். பாயை விரித்துப் படுத்துவிடலாம். பக்கத்தில் இருக்கிற பெண்மணியிடம் "முக்கியமான கட்டம் வந்தா எழுப்புங்கக்கா" என்றால் எழுப்புவார். அவருக்கு அந்தக் கூத்து மனப்பாடம். தூக்கத்தில் கேட்ட பாட்டும் உள்ளே போகத்தான் செய்கிறது, பாதித் தூக்கத்தில் முகாரி ராகம் கேட்டு விழிப்பதைப் போல ஒரு விழிப்பு கச்சேரி ஹாலில் கிடைக்காது. உச்சக்கட்டம் 3.30-க்கு மேல்தான்.

சென்னை அரங்குகளில் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிய கூத்து பார்க்கலாம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கூத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். நகரத்து நாடகத்துக்கு அதனால் கிடைத்தது கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது திரை இழுபறி, அடுத்தது திருப்பல். கதை மிஞ்சும். கதையா நமக்குத் தெரியாது?

துகில் இரவுக்கு வருவோம். அன்று கூட்டம் வேறு மாதிரி இருக்கும், விரதம் இருக்கிற பெண்கள் முன்னால் இருப்பார்கள். பல ஜமாக்களில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார். இது வேஷம்தான் தாயே, பிழை பொறுத்துக்கொள் என்று அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் தொடருவார். திரௌபதி வேஷமும் பெரும்பாலும் ஆண்தான், இழுப்பதும் மேலே சுற்றிய துணியைத்தான். ஆனாலும் அந்த நேரத்தில் கூட்டத்தில் சிலருக்குச் சாமி வரும், சில சமயம் ஆட்டக்காரருக்கே வரும். நாடகம் எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்குகிறது என்ற கோடு அழிந்துபோகிற இடம் அது. பழக்கம் இல்லாதவர் பயந்துபோவார், அல்லது அதைவிட மோசமாகச் செல்லைத் தூக்கிப் பிடிப்பார். இரண்டு மூன்று கூத்து பார்த்த பிறகு துகிலுக்குப் போங்கள் என்று முன்னால் சொன்னது அதனால்தான். செல் பையிலேயே இருக்கட்டும்.

பதினெட்டாம் போர் இரவுக்குப் போகிறவர்கள் விடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். கோயிலுக்கு எதிர்வெளியில் படுகளம் இருக்கும். மண்ணால் மல்லாக்கப் படுத்த துரியோதனன், ஆள் உயரத்தைப்போல ஐந்தாறு மடங்கு நீளம், தொடையில் சிவப்பு நீர் நிறைத்த பானை புதைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடின வீமனும் துரியோதனனும் அழிந்த அரிதாரத்தோடு வெயிலில் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். நல்ல இடம் பிடிக்க வேண்டுமானால் தொடைப் பக்கம் நிற்க வேண்டும், தலைப் பக்கம் அல்ல. அடி அங்கேதான் விழும். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் திரும்பக் கிடைக்காது. வீமன் தொடையை உடைத்து, திரௌபதி கூந்தல் முடிந்ததும் கூட்டம் மண் உருவத்தின் மேல் பாயும். ஆளுக்கு ஒரு பிடி மண். நெல் குதிரில் போட்டால் நெல் குறையாது என்று, முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடப்பார்கள்.